கொடியைக் கேள்வி கேட்ட எழுத்தாளர்: மார்க் டுவெய்ன்

1900ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்தை வந்தடைந்த கப்பலிலிருந்து, அடர்ந்த நரைமுடியும் தொங்குமீசையும் கொண்ட முதியவர் ஒருவர் இறங்கினார். செய்தியாளர்கள் முன்னரே திரண்டு நின்றனர். கடன் சுமையோடு ஊர் ஊராகச் சென்று மேடையேறி, பட்ட கடன் முழுவதையும் அடைத்துவிட்டுத் திரும்பும் எழுத்தாளரை வரவேற்க நாடே காத்திருந்தது. அவர் வாய் திறந்தால் சிரிப்பு உதிரும் என்பது அமெரிக்கர் கண்ட அனுபவம். அன்று அவர்கள் கேட்டதோ வேறு. பிலிப்பைன்ஸ் தீவுகளில் தம் நாடு நடத்திவரும் போரைப் பற்றி வினவப்பட்டபோது, தாம் ஏகாதிபத்தியத்தின் எதிரி என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தாமும் மறுபக்கத்தில் நின்றதை அவர் மறைக்கவில்லை. உடன்படிக்கையைப் படித்த பின்னரே மனம் மாறியதாகச் சொன்னார்.

எழுத்தாளர் ஒருவர் ஆட்சியாளரை எதிர்ப்பது உலக இலக்கியத்தில் புதிய செய்தியன்று. பறிகொடுக்க ஏதுமில்லாத இளைஞர் எதிர்ப்பது ஒரு வகை. வறுமையிலிருந்து அப்போதுதான் மீண்டவர், எல்லாத் தரப்பினராலும் விரும்பப்படுபவர், தம் நூல்கள் வீடுதோறும் விற்க வேண்டும் என்னும் நிலையிலிருப்பவர் 65 வயதில் எதிர்ப்பது மற்றொரு வகை. மார்க் டுவெய்ன் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவர். ஆயினும் அவரை அச்சமே அறியாத வீரராகச் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவருடைய கடைசிப் பத்தாண்டுகளை ஆராய்வோர் இரண்டு டுவெய்ன்களைக் காண்பர். ஒருவர் அச்சேறியவர், மற்றவர் பெட்டிக்குள் பூட்டப்பட்டவர்.

சாமுவேல் லாங்ஹோர்ன் கிளெமென்ஸ் என்னும் இயற்பெயருடைய அவர் 1835 நவம்பர் 30ஆம் நாள் மிசௌரி மாநிலத்தில் ஃபுளோரிடா என்னும் சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்த ஹானிபல் என்ற ஊரில். மிசௌரி அடிமை முறையை ஏற்ற மாநிலம். தந்தையார் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். உறவினர் ஒருவரின் பண்ணையிலும் இருந்தனர். மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவதைப் பள்ளியும் செய்தித்தாளும் நீதிமன்றமும் தவறென்று சொல்லவில்லை. தேவாலய மேடையோ அதனை இறைவன் வகுத்த முறை என்றே போதித்தது. ஊர் முழுவதும் ஒரே குரலில் ஒன்றைச் சரியென்று கூறும்போது, அது கொடுமையாகவும் இருக்கக்கூடும் என்ற அறிவு அச்சிறுவனுக்கு அன்றே வந்துவிடவில்லை. அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. பின்னாளில் போரைப் பற்றி அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் வேர் இந்த ஹானிபல் மண்ணிலேயே உள்ளது.

11 வயதில் தந்தையை இழந்தார். அச்சுக்கோக்கும் தொழில் பயின்றார். 1859இல் நீராவிக் கப்பல்களை ஆற்றில் செலுத்தும் உரிமம் பெற்றார். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் விட்டு ஆழம் பார்ப்பவர், இரண்டு பாகம், அதாவது 12 அடி ஆழம் உண்டு என்று கூவும் குறிச்சொல்லே மார்க் டுவெய்ன். கப்பல் தரைதட்டாது செல்லலாம் என்பது அதன் பொருள். அதனையே 1863இல் புனைபெயராகக் கொண்டார். அதற்கு முன் 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, தென்மாநிலப் பக்கம் நின்ற ஒரு தொண்டர் படையில் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் விலகி மேற்கே சென்றுவிட்டார். அந்த இரு வாரங்களைப் பற்றி 1885இல் அவர் எழுதிய, புனைவு கலந்த நினைவுக் கட்டுரையில், இருளில் வந்த அறிமுகமற்ற ஒருவனை இளைஞர்கள் சுட்டுவிட்டு, அவன் பகைவனல்லன், யாரோ ஒரு வழிப்போக்கன் என்று கண்டு கலங்கும் இடம் ஒன்றுண்டு. சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்கியவர் அவ்விடத்தில் நின்றுவிடுவர்.

அவருடைய புகழ் வளர்ந்த கதை அனைவரும் அறிந்ததே. 1876இல் 'டாம் சாயர்', அமெரிக்காவில் 1885இல் 'ஹக்கிள்பெரி ஃபின்' ஆகியவை வெளிவந்தன. தப்பியோடிய அடிமையைக் காட்டிக்கொடுப்பதே அறம் என்று ஊரார் சொல்ல, நரகமே கிட்டினும் நண்பனைக் காட்டிக்கொடேன் என்று சிறுவன் ஹக் துணியும் கட்டத்தை இங்கு நினைவில் கொள்ளுதல் வேண்டும். ஊரின் அறத்திற்கும் உள்ளத்தின் அறத்திற்கும் இடையே நிகழும் அப்போராட்டம் 15 ஆண்டுகள் கழித்து அவருடைய சொந்த வாழ்க்கையிலேயே நிகழ்ந்தது.

அச்சுக்கோக்கும் எந்திரம் ஒன்றில் பெரும் பணத்தை முடக்கியதாலும் பதிப்பகம் நொடித்ததாலும் 1894இல் அவர் திவாலானார். கடனை அடைக்க 1895இல் உலகச் சொற்பொழிவுப் பயணம் புறப்பட்டார். 1896 சனவரியில் கொழும்புக்கும் அங்கிருந்து பம்பாய்க்கும் வந்தார். கொழும்புத் தெருவில் மக்கள் அணிந்திருந்த பல்வண்ண ஆடைகளில் மனம் பறிகொடுத்து நின்றவர், சமயப் பள்ளியிலிருந்து வரிசையாக வந்த சிறுமியரை ஐரோப்பிய உடையில் கண்டு மனம் வெதும்பினார். பம்பாய் விடுதியில் ஐரோப்பியர் ஒருவர் இந்தியப் பணியாளை ஓங்கி அறைந்தார். பணியாள் வாய் பேசாது நின்றார். அக்கணமே ஹானிபலின் அடிமைகள் டுவெய்ன் கண்முன் வந்தனர். மார்ச்சு இறுதியில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட கப்பல் சென்னையில் ஒரு நாள் தங்கிச் சென்றது. இப்பயணத்தைக் கூறும் நூல் 1897இல் வெளியாயிற்று. அந்நூலில் ஆங்கிலேயர் ஆட்சியை மெச்சும் பக்கங்களும் பல உள்ளன என்பதைச் சொல்லியாக வேண்டும். பேரரசின் கைபட்ட கன்னத்தைக் கண்டவர், பேரரசையே அன்று காணவில்லை. பயணம் முடிந்து இங்கிலாந்தில் இருந்தபோது, 1896 ஆகஸ்டில், மூத்த மகள் சூசி அமெரிக்காவில் மூளைக்காய்ச்சலால் இறந்த செய்தி வந்தது. அதன் பின்னர் அவர் எழுத்தில் கசப்பு ஏறியது. ஆனால் அவருடைய அரசியல் எதிர்ப்பு முழுவதையும் மகளை இழந்த துயரத்தின் விளைவாகக் காட்டும் திறனாய்வாளரின் கூற்று ஏற்கத்தக்கதன்று. சான்றுகளைப் படித்து மனம் மாறியவர் அவர்.

அச்சான்றுகள் யாவை? 1898 ஏப்ரலில் அமெரிக்கா ஸ்பெயினோடு போர் தொடுத்தது. கியூபாவை விடுவிப்பதே நோக்கம் எனவும், அதனைத் தன்னோடு இணைத்துக்கொள்ளப் போவதில்லை எனவும் நாடாளுமன்றம் தீர்மானித்தது. வியன்னாவில் இருந்த டுவெய்ன் பூரித்துப் போனார். பிறர் விடுதலைக்காக ஒரு நாடு போரிடுவது வரலாற்றில் அரிது என்று எண்ணினார். ஆனால் போரின் முதற்பெரும் வெற்றி கியூபாவில் கிட்டவில்லை. மே மாதம் முதல் நாள் மணிலா விரிகுடாவில் கிட்டியது. அங்கு பிலிப்பினோ மக்கள் முன்பே ஸ்பெயினை எதிர்த்துப் போராடி வந்தனர். சூன் 12ஆம் நாள் அகினால்டோவின் தலைமையில் விடுதலையை அறிவித்தனர். மணிலாவை நிலப்புறமாக முற்றுகையிட்டு நின்றவர்கள் அவர்களே. ஆகஸ்டு 13ஆம் நாள் ஸ்பெயினும் அமெரிக்காவும் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒரு பொய்ச்சண்டை நடத்தின. நகரம் அமெரிக்கர் கைக்கு மாறியது. முற்றுகையிட்ட பிலிப்பினோ படை வாயிற்புறத்திலேயே நிறுத்தப்பட்டது. டிசம்பர் 10ஆம் நாள் பாரிசில் கையொப்பமான உடன்படிக்கையின்படி, ஸ்பெயின் 2 கோடி டாலருக்கு அத்தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. ஏறக்குறைய இழந்துவிட்ட நாட்டை ஒருவர் விற்றார். நட்பென்று வந்தவர் வாங்கினார். நாட்டுக்குரிய மக்களை எவரும் கேட்கவில்லை. 1899 பிப்ரவரி 4ஆம் நாள் போர் வெடித்தது. அதே மாதத்தில்தான் பம்பாயில் பிறந்த ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங், வெள்ளை மனிதனின் சுமையைத் தோளேற்றுமாறு அமெரிக்காவை அழைத்துக் கவிதை பாடினார். கிப்ளிங் டுவெய்னுக்கு இனிய நண்பர். கவிஞர் போரை அழைக்க, நகைச்சுவையாளர் மறுக்க நேர்ந்தது.

சீனச் சந்தைக்குப் படிக்கல்லாக, கடற்படைக்கு நிலக்கரித் துறையாக அத்தீவுகள் பயன்படும் என்று அமெரிக்காவில் வெளிப்படையாகவே பேசினர். ஆயினும் அறிக்கைகளில் நாகரிகம், சமயம், கருணை ஆகிய சொற்களே நிறைந்திருந்தன. டுவெய்னின் செவி இச்சொற்களை நன்கறியும். அவை ஹானிபல் தேவாலயத்தில் கேட்டவை.

நாடு திரும்பிய இரண்டே மாதங்களில் முதல் வாய்ப்பு வந்தது. 1900 டிசம்பர் 12ஆம் நாள் நியூயார்க்கில் தென்னாப்பிரிக்கப் போரைப் பற்றி உரையாற்ற வந்த 26 வயது வின்ஸ்டன் சர்ச்சிலை அவையோர்க்கு அறிமுகம் செய்யும் பொறுப்பை டுவெய்னிடம் ஒப்படைத்தனர். இங்கிலாந்து தென்னாப்பிரிக்காவில் செய்ததும் அமெரிக்கா பிலிப்பைன்சில் செய்வதும் ஒரே பாவம்; இரு நாடுகளும் இனத்தால் மட்டுமல்லாமல் பாவத்தாலும் உறவாயின என்ற பொருள்பட அவர் வரவேற்புரை அமைந்தது. விருந்தினர் எப்படி முகம் கொடுத்திருப்பார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

1901 பிப்ரவரியில் 'நார்த் அமெரிக்கன் ரிவியூ' இதழில் வெளிவந்தது அவருடைய பெருங்கட்டுரை. 'இருளில் அமர்ந்திருப்பவனுக்கு' என்பது தலைப்பு. விவிலியத்தில் ஒளியைக் காணவிருக்கும் மக்களைக் குறிக்கும் தொடர் அது. ஒளி கொண்டு வருவதாகச் சொல்பவர்களின் கணக்கை, இருளில் இருப்பவன் பார்வையிலிருந்து சரிபார்ப்பதே கட்டுரையின் உத்தி. நாகரிகம் என்பதை ஏற்றுமதிச் சரக்காக்கி, மேலுறை மட்டும் அழகாகவும் உள்ளிருப்பது குருதியும் கண்ணீருமாகவும் இருப்பதைக் கடைக்காரர் ஒருவரின் வணிகப் பேச்சிலேயே சொல்லிச் செல்கிறார். விலங்கிடப்பட்டவனை விடுவிக்கும் அமெரிக்கா ஒன்று, விடுபட்டவனின் விடுதலையைப் பறிக்கும் அமெரிக்கா மற்றொன்று என இரண்டு அமெரிக்காக்களைப் பிரித்துக் காட்டுகிறார். இறுதியில், புதிய உடைமைக்கு ஒரு கொடி வேண்டுமெனில் பழைய கொடியிலேயே வெள்ளைக் கோடுகளைக் கறுப்பாக்கி, விண்மீன்களுக்குப் பதில் மண்டையோட்டையும் குறுக்கெலும்புகளையும் வைத்துக்கொள்ளலாம் என யோசனை கூறுகிறார். தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்தும். ஒரே கட்டுரையில் இரண்டையும் மாறி மாறி ஆளும் வல்லமை அவரிடம் இருந்தது. வசைமொழி ஒன்றுமில்லை, அடுத்தவர் பயன்படுத்திய புகழ்ச்சிச் சொற்களையே எடுத்து அடுத்தடுத்து வைக்கிறார், அவ்வளவே.

நாடு இரண்டுபட்டது. ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம் அக்கட்டுரையைத் துண்டுநூலாக அச்சிட்டுப் பரப்பியது. பாஸ்டனில் 1898இல் உருவான அக்கழகத்தில் மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ், தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ், செல்வர் கார்னகி எனப் பலதிறத்தாரும் இருந்தனர். 1901 முதல் இறக்கும்வரை டுவெய்ன் அதன் துணைத் தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். மறுபுறம் துரோகி என்ற வசையும் வந்தது. கட்டுரையில் ஒரு வழுவும் இருந்தது. சீனாவில் சமயப் பணியாளர் ஒருவர் கிராமத்தாரிடம் 13 மடங்கு தண்டம் வசூலித்ததாக அவர் எழுதியது, செய்தித்தந்தியில் நேர்ந்த பிழையை நம்பியே. கூடுதலாகப் பெற்றது மூன்றில் ஒரு பங்கே எனத் தெரியவந்தது. டுவெய்ன் மறுமொழி எழுதினார். தொகை குறைந்தாலும், குற்றம் செய்யாதவரிடம் பெறுவது குற்றமே என்று வாதிட்டார். வாதம் வலுவானதே. முன்பே விசாரித்து எழுதியிருந்தால் எதிரிகளுக்கு அந்தப் பிடி கிடைத்திருக்காது.

போர் மேலும் கொடிதாகியது. 1899 இறுதியில் பிலிப்பினோக்கள் மறைந்திருந்து தாக்கும் முறைக்கு மாறியதும், படைவீரருக்கும் உழவருக்கும் வேறுபாடு காண்பதை அமெரிக்கப் படை கைவிட்டது. சிறைப்பட்டோர் வாயில் நீரைத் திணித்து வயிறு உப்பச் செய்து செய்தி பெறும் வதைமுறை பரவியது. 1901 செப்டம்பரில் சமார் தீவின் பலங்கிகாவில் ஏறத்தாழ 50 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டனர். தளபதி ஜேக்கப் ஸ்மித், பத்து வயதுக்கு மேற்பட்டோரைக் கொன்று தீவைப் பாழாக்கும்படி ஆணையிட்டார். படைத்துறை நீதிமன்றம் அவருக்கு அளித்த தண்டனை கண்டனம் மட்டுமே. அதன்பின் குடியரசுத் தலைவர் அவரை ஓய்வில் அனுப்பினார். பத்தங்காஸ் மாகாணத்தில் மக்களை ஊரோடு பெயர்த்து முகாம்களில் அடைத்தனர். கியூபாவில் ஸ்பெயின் இதே முறையைக் கையாண்டபோது அதனைக் கொடுமையென்று சாடிப் போருக்குப் போன நாடுதான் இது. 1902 சூலை 4ஆம் நாள் போர் முடிந்ததாக அறிவித்தபோது 4,200 அமெரிக்கரும் 20,000 பிலிப்பினோ வீரரும் மாண்டிருந்தனர். பஞ்சத்தாலும் நோயாலும் இறந்தவர்களைச் சேர்த்தால் பொதுமக்கள் 2 லட்சத்திற்கும் மேல் என்பர்.

இப்போரில் டுவெய்னின் உள்ளத்தை மிகவும் அறுத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1901 மார்ச்சில் தளபதி ஃபன்ஸ்டன், போலிக் கடிதங்களை அனுப்பி, தம் கூலிப்படையினர்க்குப் பிலிப்பினோ வீரர் உடை அணிவித்து, தாமும் பிடிபட்ட கைதிபோல் நடித்து, அகினால்டோவின் மறைவிடத்தை நோக்கிச் சென்றார். வழியில் உணவின்றித் தளர்ந்தபோது அகினால்டோவிடமே உணவு கேட்டனர். அவரும் அனுப்பினார். அவ்வுணவை உண்டு எழுந்து, வரவேற்க நின்ற காவலரைச் சுட்டு, உணவு தந்தவரையே சிறைப்பிடித்தனர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று தமிழர் சொல்வதை உலகின் எந்த மொழியினரும் உணர்வர். அமெரிக்க நாடோ ஃபன்ஸ்டனுக்குப் பதவி உயர்வு தந்து மாலையிட்டது. 1902 மே மாதம் டுவெய்ன் அவருக்கு ஒரு தற்காப்புரை எழுதினார். வாஷிங்டனின் பிறந்தநாள் நினைவிலிருந்து தொடங்கும் அக்கட்டுரை, ஃபன்ஸ்டன் மீது குற்றமே இல்லை, அவர் பிறவிக் குணம் அத்தகையது, அதற்கு அவர் என் செய்வார் என்று வாதாடுகிறது. போரில் சூழ்ச்சி உண்டு. ஆனால் பசிக்கு உணவு கேட்டுப் பெற்ற பின் தாக்குவது எந்தப் போர்நூலிலும் இல்லை என்பதே அதன் உட்பொருள்.

இதுவரை கண்டது அச்சேறிய டுவெய்ன். இனிக் காணவேண்டியது மற்றவரை. 1901இல், கறுப்பினத்தாரைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வெளியிட்டால் தென்மாநிலங்களில் நண்பரும் வாசகரும் இல்லாது போவர் என்று தாமே நிறுத்திவிட்டார். 1905இல் 'போர்ப் பிரார்த்தனை' என்னும் சிறு படைப்பை எழுதினார். படை புறப்படுவதற்கு முந்தைய நாளில் தேவாலயத்தில் வெற்றிக்காக வேண்டுகின்றனர். நீண்ட அங்கியணிந்த முதியவர் ஒருவர் உள்ளே வந்து, நீங்கள் வாய்விட்டு வேண்டியது பாதி, சொல்லாது வேண்டிய மறுபாதி இது என்று, பகைவர் நாட்டின் கைம்பெண்களும் குழந்தைகளும் அடையப்போகும் அழிவைப் பிரார்த்தனையாகவே விரித்துரைக்கிறார். மக்கள் அவரைப் பித்தர் என்கின்றனர். மகளிர் இதழுக்கு ஏற்றதன்று என ஓர் இதழ் அதனைத் திருப்பியனுப்பியது. டுவெய்ன் அதனை வேறெங்கும் வெளியிடவில்லை. இறந்தவர்களுக்கே உண்மை பேசும் உரிமை உண்டு என்று நண்பரிடம் சொல்லிப் பெட்டியில் வைத்துவிட்டார். பித்தர் என்று ஊர் தூற்றும் முதியவரைப் படைத்தவர், அம்முதியவராகத் தாம் நிற்க அந்த ஒருமுறை முன்வரவில்லை. காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டு இழைத்த கொடுமைகளை அதே 1905இல் நூலாக்கி வெளியிடுவதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை என்பதையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். அயல்மன்னரைச் சாடுவது எளிது. சொந்த ஊரின் தேவாலயத்தைச் சாடுவது அரிது.

1906 மார்ச்சில் தென்பிலிப்பைன்சின் ஹோலோ தீவில், புட் டாஹோ என்னும் எரிமலைவாயில் தஞ்சம் புகுந்திருந்த மோரோ இன மக்களைத் தளபதி லியோனார்ட் வுட்டின் படை சூழ்ந்து சுட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 600 பேர் என்று முதற்செய்தி கூறியது. பின்னாளைய ஆய்வாளர் 800 முதல் 1,000 வரை என்பர். தலைவர் ரூஸ்வெல்ட் பாராட்டுத் தந்தி அனுப்பினார். அந்நாள்களில் டுவெய்ன் தம் தன்வரலாற்றைச் சுருக்கெழுத்தாளரிடம் சொல்லி எழுதுவித்து வந்தார். மார்ச்சு 12, 14 ஆகிய நாள்களில் வேறெதையும் பேசாமல் இதையே பேசினார். நாள்தோறும் செய்தித்தாளின் தலைப்புகளை எடுத்துவைத்து, பள்ளத்துள் கிடந்தவர்களை உயரத்தில் நின்று சுட்டது எவ்வாறு வீரம் ஆயிற்று என்று கேட்டார். குழந்தைகள் என்ற சொல் செய்தியில் வந்த இடத்தில் அவர் நகைச்சுவை நின்றுவிடுகிறது. சொல்லி முடித்ததும் அப்பக்கங்களும் பெட்டிக்குள் சென்றன. தன்வரலாறு முழுமையாகத் தம் மறைவுக்குப் பின் நூறாண்டு கழித்தே வெளிவரவேண்டும் என்பது அவர் விருப்பம்.

1907இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கும் கிப்ளிங்குக்கும் ஒரே நாளில் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. துணைவியார் ஒலிவியா 1904இலேயே மறைந்திருந்தார். இளைய மகள் ஜீன் 1909 டிசம்பரில் இறந்தார். பிறந்த ஆண்டில் தோன்றிய ஹேலி வால்மீன் மீண்டும் வானில் தோன்றிய 1910ஆம் ஆண்டில், ஏப்ரல் 21ஆம் நாள், டுவெய்ன் காலமானார். இரங்கலுரைகள் பெரும்பாலும் டாம் சாயரின் ஆசிரியரையே போற்றின.

பெட்டி மெல்லத் திறந்தது. 'போர்ப் பிரார்த்தனை' 1923இல் அச்சேறியது. வியத்நாம் போர் நிகழ்ந்த ஆண்டுகளில் பலர் கைக்குச் சென்றது. புட் டாஹோ பக்கங்களில் சில 1924இல் வெளிவந்தன. பிலிப்பைன்ஸ் போரைக் குறித்த அவருடைய எழுத்துகள் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டது 1992இல். சுபிக் விரிகுடாக் கடற்படைத் தளத்தை விட்டு அமெரிக்கப் படை வெளியேறியதும் அதே ஆண்டில்தான். 1946இல் விடுதலை பெற்ற பின்னரும் பிலிப்பைன்ஸ் மண்ணில் நீடித்திருந்த தளம் அது. தன்வரலாற்றின் முதல் தொகுதியைக் கலிபோர்னியா பல்கலைக்கழகம், அவர் குறித்த காலக்கெடுப்படி, 2010 நவம்பரில் வெளியிட்டது. மார்ச்சு 12, 14ஆம் நாள்களில் அவர் பேசியவை அதில் உள்ளன. அந்நூல் மாதக்கணக்கில் விற்பனைப் பட்டியல்களில் இடம்பெற்றிருந்தபோது, ஆப்கானிஸ்தானில் ஏறத்தாழ ஒரு லட்சம் அமெரிக்கப் படையினர் இருந்தனர்.